கணக்கில் முந்தி ஓடும் பிள்ளைக்கு எந்த இணையப் பாடம்?

மூன்றாம் வகுப்பு வயதில் ஆறாம் வகுப்புக் கணக்கைப் போடுகிற பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கலாம் என்று முடிவெடுத்தால், அடுத்து வரும் கேள்வி எதை வைத்துப் படிக்கவைப்பது என்பதுதான். எங்கள் வீட்டில் கடைசியில் மிஞ்சியவை மூன்று: முழுநேர ஆன்லைன் பள்ளி, கான் அகாடமி என்ற இணையப் பாடத் தளம், பீஸ்ட் அகாடமி என்ற அமெரிக்கக் கணக்குப் பாடத்திட்டம். நாங்கள் எடுத்தது மூன்றாவது. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஆன்லைன் பள்ளியில் நேரலை வகுப்பு, வருகைப் பதிவு, வீட்டுப்பாடம், பருவத் தேர்வு எல்லாம் உண்டு. இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் வயதுக்குரிய வகுப்பில்தான் உட்கார வேண்டும் என்றால், எதற்காகப் பள்ளியை விட்டோமோ அதே சிக்கல் திரைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கணக்குக்கு மட்டும் இரண்டு வகுப்பு மேலே உட்கார விடுவார்களா என்று சேரும்முன் கேளுங்கள். விடுவார்கள் என்றால் என் ஆட்சேபம் பாதி குறைந்துவிடும்.

கான் அகாடமி இலவசம். எண்ணக் கற்பதில் தொடங்கி கால்குலஸ் வரை இருக்கிறது. நம் ஊர் வகுப்பு வரிசைப்படியும் பாடங்கள் உண்டு. ஒரு பயிற்சியில் எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை தந்தால்தான் தேர்ச்சி. இடையில் தளம் தரும் உதவிக் குறிப்பைத் திறந்தால் அந்தக் கேள்வி தவறாகவே கணக்காகும். நேர்மையான ஏற்பாடு. விட்டுப்போன பாடத்தை அடைக்க இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. இன்றும் வீட்டில் அதற்குத்தான் பயன்படுத்துகிறோம்.

அப்புறம் ஏன் பீஸ்ட் அகாடமி? என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒரே விஷயம்: பிள்ளை கணக்கில் மாட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா? மீத்திறன் உள்ள பிள்ளைகளில் பலருக்கு ஏழு, எட்டு வயது வரை விடை தெரியாமல் உட்கார்ந்த அனுபவமே இருக்காது. பார்த்ததும் போட்டுவிடுவார்கள். முதல்முறை மாட்டும்போது அழுகை, இல்லாவிட்டால் "இது போரடிக்குது". அந்தப் பழக்கத்தை ஒன்பது வயதில் உடைப்பது எளிது, பதினைந்தில் கடினம் என்று நினைக்கிறேன்.

ஒரு மாதிரி சொல்கிறேன், கணக்கு நானே போட்டது. நீளம் 9, அகலம் 4 உள்ள செவ்வகத்தின் சுற்றளவு என்ன? இது சூத்திரம் தெரிகிறதா என்ற சோதனை. இன்னொன்று: சுற்றளவு 26, பக்கங்கள் முழு எண்கள். எத்தனை செவ்வகங்கள் வரையலாம், அதில் பரப்பு மிகுந்தது எது? விடை 6, பெரியது ஆறுக்கு ஏழு. பாடம் அதே சுற்றளவுதான். ஆனால் இரண்டாவதற்குப் பட்டியல் போட வேண்டும், எதையும் விடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும், 12-க்கு 1, 1-க்கு 12 இரண்டும் ஒன்றா என்று யோசிக்க வேண்டும். பீஸ்ட் அகாடமி பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

35-ஐ 35-ஆல் பெருக்கும் குறுக்குவழி நம் ஊர் அபாகஸ் வகுப்புகளில் பிரபலம்: மூன்றை நான்கால் பெருக்கு, பின்னால் 25 சேர், 1225. ஏன் என்று கேட்டால்தான் சங்கடம். கட்டத் தாளில் 35-க்கு 35 சதுரம் வெட்டி, வலப்பக்கம் 5 அகலத்தில் ஒரு பட்டையை எடுத்துக் கீழே ஒட்டினால் 30-க்கு 40 செவ்வகம் வரும், மூலையில் 5-க்கு 5 மிஞ்சும். அதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை 85-ஐயும் போட்டுவிடும். இந்த "ஏன்" என்பதைத் தேட வைப்பதுதான் நான் காசு கொடுப்பதற்குக் காரணம்.

தொல்லைகளும் உண்டு. கட்டணம் டாலரில். அளவைகள் என்றால் இஞ்ச், பவுண்ட், அவுன்ஸ் எல்லாம் வரும். முக்கியமாக, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். திரையில் விடைப்பெட்டி மட்டும்தான். யோசனை எல்லாம் ரஃப் நோட்டில். அதனால் இணையச் சந்தாவோடு அச்சுப் புத்தகமும் வாங்கினோம். பாடப் புத்தகம் குட்டி அரக்கர்கள் வரும் காமிக்ஸ். பயிற்சிப் புத்தகத்தில் கடினக் கணக்குகளுக்கு நட்சத்திரம், பின்பக்கத்தில் குறிப்பும் முழு விளக்கமும். என் வீட்டுக்காரர் நட்சத்திரக் கணக்குகளை ராத்திரியே போட்டுப் பார்த்துவிடுவார். அதற்கு நேரமில்லாத வீட்டுக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

பீஸ்ட் அகாடமியின் ஐந்து நிலைகளும் முடிந்தபின், அதை நடத்துகிற ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் நிறுவனத்தின் ஆல்குமஸ் என்ற இணையக் கணக்குப் பயிற்சி இலவசம். பிள்ளையின் திறமைக்கேற்பக் கணக்கின் கடினத்தை மாற்றித் தரும். அவர்களுடைய நேரலை வகுப்பு வேண்டுமென்றால் அமெரிக்கக் கிழக்குக் கரை மாலை 7.30 நமக்கு விடியற்காலை 5, குளிர்காலத்தில் 6. நாங்கள் அந்தக் கட்டத்துக்கு இன்னும் போகவில்லை.

சான்றிதழ் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ் வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதக் குறைந்தது 14 வயது ஆக வேண்டும். பதினோரு வயதில் பத்தாம் வகுப்புக் கணக்கை முடித்தாலும் இந்த வழியில் காத்திருக்கத்தான் வேண்டும். அப்படியிருக்க வேகம் எதற்கு? கிடைத்த ஆண்டுகளை ஆழத்தில் செலவழிக்கலாம். தேர்வு எழுதவைத்த அனுபவம் எங்களுக்கு இல்லை, பையனுக்கு இப்போது ஒன்பதுதான்.

மற்ற பாடங்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. கணக்கில் முந்தும் பிள்ளை எழுத்தில் வயதுக்குரிய இடத்திலேயே இருக்கலாம், எங்களுடையது அப்படித்தான். தமிழுக்கு மாநிலப் பாடநூலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் போதுமானவையாக இருக்கின்றன.

பணம் கட்டும்முன் பீஸ்ட் அகாடமி தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தயார்நிலைச் சோதனையைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். அவர்களுடைய மூன்றாம் நிலை நம் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பைவிடக் கடினம். ஆறாம் வகுப்புக் கணக்குப் போடுகிற பிள்ளையும் அங்கிருந்தே தொடங்க வேண்டிவரலாம். "இது சின்னப் பசங்க புக்" என்று முகம் சுளித்தால், நட்சத்திரக் கணக்கு ஒன்றைக் காட்டுங்கள்.