மழுங்கிய நட்டுக்கு எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் செட்: உப்புக்காத்து ஊரில் எடுபடுமா?

பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம், ராமேஸ்வரம் தீவில் அஞ்சாறு வருஷம் ஓடிய எந்தக் காரையும் ஜாக்கியில் தூக்கிப் பாருங்கள். சைலன்சர் மூட்டில் இருப்பது நட்டு மாதிரியே தெரியாது, சுண்டைக்காய் வற்றல் மாதிரி இருக்கும். ரிங் ஸ்பேனரைப் போட்டு ஒரு இழு இழுத்தால் மிச்சமிருந்த மூலையும் போய், ஸ்பேனர் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றும். இந்த நிலைமைக்கென்றே விற்பதுதான் எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் செட். ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குப் பெரிய பெயர் ஏதும் இல்லாத பெட்டிகள் நிறைய வருகின்றன. இங்கே பார்ப்பதும் அப்படி ஒன்றுதான்: 10 முதல் 19 மி.மீ வரை மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் பத்து சாக்கெட், 3/8 இன்ச் டிரைவ் (கைப்பிடி மாட்டும் சதுர ஓட்டை), குரோம் மாலிப்டினம் ஸ்டீல், கறுப்புப் பூச்சு.

கடையில் வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. வெறுமனே 'எக்ஸ்ட்ராக்டர்' என்று கேட்டால், உள்ளே உடைந்து நிற்கும் போல்ட்டை ஓட்டை போட்டு எடுக்கும் 'ஈஸி அவுட்' கைக்கு வரும். அது வேறு. "தலை மழுங்கின நட்டுக்கு மேல அடிச்சு ஏத்துற சாக்கெட்" என்று சொல்லிக் கேளுங்கள்.

சாதா சாக்கெட்டுக்குள் இருக்கும் ஆறு பட்டை இதில் கிடையாது. சங்கை உடைத்தால் தெரியும் புரி போல, உள்ளே முறுக்கிய வரிகள் ஓடும். வாய்ப்பக்கம் சற்று அகலம், உள்ளே போகப் போகக் குறுகல். கழற்றும் திசையில் திருப்பும்போது வரிகளின் விளிம்பு நட்டின் பக்கத்தைக் கவ்வி, தன்னைத்தானே நட்டின் மேல் இன்னும் இழுத்துக்கொள்ளும். இறுக்கும் திசையில் திருப்பினால் அதே புரி சாக்கெட்டைக் கழற்றி வெளியே தள்ளும். இதன் பலமும் பலவீனமும் இந்த ஒரே விஷயம்தான். "கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னும் ஆட்டு" என்று பழைய மெக்கானிக்குகள் சொல்லிக்கொடுத்த நல்ல வித்தை இதில் நடக்காது. ஒரே திசை, ஒரே போக்கு.

இந்த ஊருக்கு இந்த செட்டில் என்ன விசேஷம் என்றால், வேறு ஊரில் சும்மா கிடக்கும் சைஸ்கள்தான் இங்கே வேலை செய்யும். மாருதி போன்ற வண்டிகளில் எம்6 (மரை விட்டம் 6 மி.மீ) போல்ட்டுக்குத் தலை 10, எம்8-க்கு 12, எம்10-க்கு 14, வீல் நட்டுக்கு 19. டாடா, மஹிந்திரா என்றால் எம்8-க்குப் பெரும்பாலும் 13. இந்தக் கணக்குப்படி 11, 15, 16, 18 எல்லாம் பெட்டியை நிரப்ப வைத்தவை போலத் தோன்றும். உப்பு தின்ற நட்டு 12 ஆகவா இருக்கும்? துருவைத் தட்டி எடுத்துவிட்டு வெர்னியர் வைத்தால் 11.4, 11.3 என்றுதான் காட்டும். அதற்கு 12 எக்ஸ்ட்ராக்டர் கையாலேயே ஏறிவிடும், கையால் ஏறுவது கவ்வாது. 11 தான் அடித்து ஏறும். அதனால் 10, 12, 14, 17, 19 மட்டும் இருக்கும் அஞ்சு பீஸ் செட்டைக் காசு குறைவு என்று வாங்காதீர்கள்.

உப்பு ஏன் இவ்வளவு தின்கிறது என்பதற்கு அடுப்படி உப்பு ஜாடியே சாட்சி. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் உப்பு தானாகக் கசியும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே ஈரமாகும். நட்டுக்கும் வாஷருக்கும் நடுவில் படிந்த உப்பு, மழையே இல்லாத நாளிலும் நனைந்தே கிடக்கும். வாடைக் காற்றில் வடக்கே பெண் கடல் (பாக் நீரிணை) பக்கமிருந்து தூவானம், கச்சான் காற்றில் தெற்கே ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கமிருந்து. தீவில் நிற்கும் வண்டிக்கு ஓய்வே இல்லை. தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை அடிக்கடி போய் வரும் வண்டிக்கு மணலும் சேரும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். மரைக்குள் அப்படி வீங்கியதுதான் நட்டை இறுக்குகிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் முழு வெல்டிங் மூட்டும் கொடுத்ததும் இந்த உப்புக்குப் பயந்துதான். காருக்கு அந்த வசதி இல்லை.

இனி வேலை. வண்டியை ஜாக்கியோடு விட்டுவிட்டு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், அடிக்கும்போது தெறிப்பது துரு மட்டுமல்ல, சாக்கெட்டின் விளிம்பும் தெறிக்கலாம்.

நிறைய பேர் சறுக்குவது முதல் படியிலேயே. நட்டின் மேல் இலை இலையாக நிற்கும் துருவின் மேலேயே சாக்கெட்டை அடித்து ஏற்றிவிடுகிறார்கள். கவ்வியது துருவை, நட்டை அல்ல. திருப்பியதும் அந்த ஏடு பொடிந்து சாக்கெட் சுற்றும், "செட்டு மட்டம்" என்று பெயர் வரும். சின்ன உளியால் பக்கம் பக்கமாகத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரியும்வரை வாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் (நட்டு ஏறியிருக்கும் கம்பி) மரையையும் அதேபோலத் தேயுங்கள். நட்டு கழன்று வரும் பாதை அதுதான்.

பிறகு எண்ணெய். டபிள்யூடி-40 எல்லோர் வீட்டிலும் இருக்கும். 1953-இல் அது நீரை விலக்குவதற்காக உருவானது, பெயரே அதைத்தான் சொல்கிறது. லேசான துருவுக்குப் போதும். இறுகிய மரைக்கு 'பெனட்ரேட்டிங் ஆயில்' என்று தனியாக விற்பது நல்லது. அது இல்லாவிட்டால் அசிட்டோனும் பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலும் சரிபாதி. இரண்டும் ஒட்டாமல் பிரியும், ஒவ்வொரு தடவையும் குலுக்கி ஊற்றுங்கள். பெயின்டைத் தின்னும், சட்டெனத் தீப்பிடிக்கும், எனவே சூடான சைலன்சரில் கூடவே கூடாது. சாயங்காலம் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் நட்டின் பக்கத்தில் சுத்தியலால் நாலு தட்டு. அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். அரைமணி நேரத்தில் கழற்றிவிடலாம் என்ற அவசரம் உப்புத் துருவிடம் பலிக்காது.

சைஸ் எடுப்பதற்கு விதி ஒன்றுதான்: அடித்தால் மட்டும் ஏறுகிற சாக்கெட். அரை கிலோ சுத்தியல், சாக்கெட்டை நேராக நிறுத்தி நாலைந்து அடி. முதல் அடிகளில் 'தொப் தொப்' என்று செத்த சத்தம் வரும். முழுசாக உட்கார்ந்ததும் 'டங்' என்று மாறும். அந்த மாற்றம் கேட்கும்வரை ராட்செட் கைப்பிடியை மாட்டாதீர்கள். பத்து அடிக்கும் ஏறவில்லை என்றால் ஒரு சைஸ் மேலே போங்கள். அளவுக்கு மிஞ்சிச் சின்னதை ஏற்றினால் மெல்லிய நட்டு உள்வாக்கில் அழுந்தி, இறுகிய மரை இன்னும் இறுகும்.

திருப்புவதில் கணக்குப் பாருங்கள். 45 செ.மீ கம்பியில் 20 கிலோ பலம் கொடுத்தால் நட்டுக்குப் போவது சுமார் 88 நியூட்டன் மீட்டர். எம்8 ஸ்டட்டை இறுக்குவதே சுமார் 25 நியூட்டன் மீட்டரில்தான். சாக்கெட் நன்றாகக் கவ்வும், நட்டு நகராது, நடுவில் முறிவது ஸ்டட். இந்த செட்டின் பிடி நன்றாக இருப்பதே இங்கே ஆபத்து. எம்8 வரைக்கும் சின்ன ராட்செட், மெதுவான அழுத்தம், கழற்றும் திசையில் கைப்பிடியின் நுனியில் சின்னச் சின்ன சுத்தியல் தட்டு. நட்டு 'கீச்' என்று முனகி நகர்ந்தால் நல்ல சகுனம்; நிறுத்தி எண்ணெய் விட்டு, கால் சுற்று கால் சுற்றாகப் போங்கள். சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்தால் உடனே கையை எடுங்கள், ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

அந்த இடத்தில்தான் சூடு. நட்டை மட்டும் கேஸ் டார்ச்சில் காட்டி, மங்கலான சிவப்பு வந்ததும் தீயை எடுத்துவிட்டு, மெழுகுவத்தியை மரையில் தொட்டால் மெழுகு உருகித் தானாக உள்ளே இழுபடும். ஆறிய பிறகு திருப்புங்கள். பெட்ரோல் டேங்க், ப்ரேக் ஹோஸ், ரப்பர் புஷ் பக்கத்தில் தீ வேண்டாம். ப்ரேக் க்ளீனர் அடித்த இடத்தில் அறவே வேண்டாம், குளோரின் கலந்த வகையாக இருந்தால் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும்.

செட்டின் குறைகளில் பெரியது ஆழம். சைலன்சர் கிளாம்ப், யூ-போல்ட் இவற்றில் மரை நட்டுக்கு வெளியே நீளமாக நீட்டியிருக்கும். சாக்கெட் நட்டைத் தொடும் முன்பே ஸ்டட் போய் ராட்செட்டில் முட்டும். 3/8 டிரைவின் சதுர ஓட்டை 9.5 மி.மீ, எம்8 ஸ்டட் அதற்குள் புகுந்து வெளியே வரும், எம்10 வராது. நல்லவேளையாக இந்த செட்டில் சாக்கெட்டின் வெளிப்பக்கம் ஆறு பட்டை இருக்கிறது. ராட்செட்டை விட்டுவிட்டு வெளியே ரிங் ஸ்பேனரைப் போடுங்கள், எம்8-க்குப் பிரச்சினை தீர்ந்தது. வெளிப்பட்டை இல்லாத செட்டும் விற்கிறது, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வாங்குங்கள். எம்10-க்கு நீட்டிய பகுதியை ஹாக்ஸாவால் அறுத்துவிட வேண்டியதுதான்.

வீல் நட்டுக்கு வாங்குபவர்கள் கவனிக்க: ஹூண்டாய் கார்களுக்கு 21 மி.மீ வேண்டும், இந்தப் பெட்டி 19-லேயே முடிந்துவிடுகிறது. 8 மி.மீ-யும் இல்லை, ஆகவே சின்ன ப்ரேக் ப்ளீடர் நிப்பிளுக்கு உதவாது. ப்ரேக் பைப் நட்டுக்கு எந்த சைஸும் உதவாது, பைப்பைத் தாண்டி சாக்கெட் எப்படி ஏறும்? அதற்கு ஒரு பக்கம் வாய் திறந்த ஃப்ளேர் நட் ஸ்பேனர்தான். இம்பாக்ட் கன்னில் போடலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் 10, 11 சாக்கெட்டுகளின் சுவர் மெல்லியது. கையாலேயே திருப்புவது அவற்றுக்கு ஆயுசு. 10.9 என்று தலையில் குத்திய கடினமான போல்ட்டில் வரிகளின் கூர் மழுங்கும்.

கழன்ற நட்டு சாக்கெட்டுக்குள்ளேயே செருகி நிற்கும். சதுர ஓட்டை வழியாக 6 மி.மீ கம்பியை விட்டு ஒரு தட்டு. வராவிட்டால் நட்டை வைஸில் பிடித்து இறுக்கும் திசையில் சாக்கெட்டைத் திருப்பினால் புரி அதை வெளியே தள்ளும்.

எல்லாவற்றுக்கும் இந்தப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. எப்படியும் மாற்றப்போகும் சைலன்சர் கிளாம்ப் என்றால் கிரைண்டரை வைத்து நட்டின் ஒரு பக்கத்தை வெட்டுவது அஞ்சு நிமிஷ வேலை. நட்டே பாதி கரைந்து கூம்பு மாதிரி ஆகிவிட்டிருந்தால் எக்ஸ்ட்ராக்டர் நழுவும். வெல்டிங் பட்டறையில் அதன் மேல் ஒரு பெரிய நட்டை வைத்து உள்ளே நிரப்பி ஒட்டச் சொல்லுங்கள். புதுப் பட்டையும் கிடைக்கும், சூடும் கிடைக்கும். ஒட்டும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

பழைய நட்டைத் திரும்பப் போடாதீர்கள். மீன்பிடி போட்டுக்குச் சாமான் விற்கும் கடைகளில் எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) நட்டு போல்ட்டு கிடைக்கிறது. சைலன்சர் கவசம், நம்பர் பிளேட், மட்கார்டு இவற்றுக்கு அருமை. ஆனால் எஸ்எஸ்ஸோடு எஸ்எஸ் உலர்ந்து உரசினால் மரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காப்பர் கிரீஸ் தடவியே ஏற்றுங்கள். சஸ்பென்ஷன், ப்ரேக் காலிப்பர் போல்ட்டுக்கு எஸ்எஸ் வேண்டாம், சாதாரண எஸ்எஸ் போல்ட்டுக்கு 8.8 கிரேடு பலம் இல்லை. வீல் ஸ்டட் மரையில் கிரீஸ் தடவும் பழக்கம் இங்கே நிறைய உண்டு. அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) ஸ்டட் கூடுதலாக இழுபடும் என்பதால் அது தப்பு. வீல் ஹப்பில் உட்காரும் முகத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவினால் போதும்.

கடைசியாகப் பெட்டி. கறுப்புப் பூச்சு பார்க்க அழகு, உப்புக்காத்துக்கு முன் ஒன்றுமில்லை. உள்ளே வைத்திருக்கும் ஸ்பாஞ்சு ஈரத்தைக் குடித்துச் சாக்கெட்டின் அடியிலேயே தேக்கி வைக்கும். துருப்பிடித்த நட்டைக் கழற்ற வாங்கியதே துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஸ்பாஞ்சைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் என்ஜின் ஆயில் துணியால் துடைத்து, அதே துணியில் சுற்றி மூடி இறுகும் டப்பாவில் போட்டு வையுங்கள்.