டெஸ்ட்டிஸ்க்கா, ஃபோட்டோரெக்கா: அழிந்த கோப்பை மீட்க எதை முதலில் எடுப்பது?

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை தீபாவளி ஒளியூட்டில் எடுத்த படங்களைக் கை தவறி அழித்துவிட்டால், சிம் லிம் ஸ்கொயர் கணினிக் கடைகளுக்கு ஓடுவதற்கு முன் எஸ்டி கார்டைக் கேமராவிலிருந்து கழற்றுங்கள். புதிதாக ஒரு படம்கூட அதில் ஏறக் கூடாது. பிறகு டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு முழுக் கார்டையும் வேறு டிஸ்க்கில் இமேஜாக, அதாவது ஒரே கோப்பில் அச்சு அசலாக, நகலெடுங்கள். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பும் கொடுத்தால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மீட்பு வேலை எல்லாம் அந்த இமேஜில்தான்.

டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இரண்டு மீட்பு மென்பொருளும் இலவசம், ஒன்றாகவே வருகின்றன. என் தேர்வு டெஸ்ட்டிஸ்க். காரணம், அதில் கோப்பின் பெயரும் திரும்பக் கிடைக்கும்.

64 ஜிபி கார்டுகளில் வழக்கமாக இருப்பது எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமை, அதாவது கோப்புகளைக் கார்டில் அடுக்கும் முறை. அதில் அழித்தால், கோப்பகப் பதிவில் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்ற ஒரு பிட் அணைகிறது. பெயர், அளவு, தொடங்கும் கிளஸ்டர் (சேமிப்பிடத்தின் ஒரு கட்டம்) எல்லாம் அப்படியே கிடக்கின்றன. டெஸ்ட்டிஸ்க் அதைப் படித்துத்தான் மீட்கிறது. ‘அட்வான்ஸ்டு’, பிறகு ‘அன்டிலீட்’ போனால் அழிந்தவை சிவப்பில் தெரியும். முக்காற்புள்ளியால் குறித்து, பெரிய ‘சி’ அழுத்தினால் நகலெடுக்கும். பழைய கோப்பு முறைமையான ஃபேட்32 என்றால், கோப்பின் அடுத்த கிளஸ்டர் எது என்று சொல்லும் சங்கிலி அட்டவணையும் துடைக்கப்பட்டிருக்கும். துண்டு துண்டாக எழுதப்பட்ட கோப்பு திறக்காமல் போகலாம்.

ஃபோட்டோரெக் கோப்பகத்தைப் பார்ப்பதே இல்லை. ஜேபெக்கின் தொடக்க பைட்டுகள் போன்ற அடையாளங்களைத் தேடி, கிடைப்பதை வெட்டி எடுக்கிறது. பெயருக்குப் பதில் ‘எஃப்’ எழுத்தும், கார்டில் அது இருந்த இடத்தைக் காட்டும் செக்டர் எண்ணும். ஃபோல்டருக்கு 500 கோப்பு. 4,000 படம் என்றால் எட்டு ஃபோல்டர், எது கல்யாணம் எது பிறந்தநாள் என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். கேமரா படத்துக்குள் பதிந்துவைக்கும் எக்ஸிஃப் தேதியை வைத்து எக்ஸிஃப்டூல் என்ற கருவியால் படங்களைப் பிரிக்கலாம். ஆவணங்களுக்கு அந்த வசதியும் பெரும்பாலும் இல்லை. மீட்பு அரை மணி, பிரிப்பது இரண்டு நாள் என்று ஆகிவிடும். துண்டுபட்ட வீடியோவிலும் ஃபோட்டோரெக் அடிக்கடி தோற்கும்.

கார்டை விரைவு ஃபார்மேட் செய்திருந்தால் மட்டும் கணக்கு மாறும். மேல்நிலைக் கோப்பகமே காலியாகிவிடுவதால் ஃபோட்டோரெக்தான் கைகொடுக்கும்.

லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4-இல் டெஸ்ட்டிஸ்க்கை நம்பாதீர்கள். அழிக்கும்போதே, கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடிலுள்ள இடக்குறிப்புகள் துடைக்கப்படுகின்றன. மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ஜர்னலில் பழைய பிரதி மிஞ்சியிருந்தால் எக்ஸ்ட்அன்டிலீட் என்ற மென்பொருள் உதவும், இல்லாவிட்டால் ஃபோட்டோரெக்தான். எஸ்எஸ்டியில் அழிந்த இடங்களைக் காலி செய்யச் சொல்லும் ட்ரிம் கட்டளை ஓடிவிட்டால் அந்த இடங்கள் பெரும்பாலும் வெறும் சுழியமாகத்தான் வரும். அங்கே இரண்டுமே பயன்படாது.