போர் தண்ணீருக்கு எந்தப் புல்?

மீன் தொட்டிக்குள் பச்சைப் புல் அசைவதைப் பார்க்க ஆசைப்பட்டுக் கடைக்குப் போனால் பெரும்பாலும் மூன்று செடிகள் கண்ணில் படும்: வாலிஸ்னேரியா, குட்டை சஜிட்டேரியா, ஹேர்கிராஸ். எதை வாங்கலாம் என்பதை நம் ரசனையைவிட வீட்டுத் தண்ணீர்தான் முடிவு செய்யும். புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு போர் தண்ணீர், குழாய் முனையில் வெள்ளையாக உப்புக் கட்டும் ரகம். சித்திரை வைகாசியில் தொட்டிச் சூடு 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை.

இதே தண்ணீரில் வாலிஸ்னேரியா செழிக்கிறது. காரணம் இருக்கிறது. பல செடிகள் நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை மட்டும் நம்பியிருக்க, இது இப்படி உப்புக் கட்டும் கடின நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்பிலிருந்தும் கார்பனை எடுத்துக்கொள்ளும். தனியாகக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையில்லை. சாதாரண மணலும் வேரடியில் அவ்வப்போது ஓர் உர மாத்திரையும் போதும். நடும்போது வேர் மட்டும் மணலுக்குள் போகட்டும். இலை கிளம்பும் கழுத்தைப் புதைத்தால் அழுகிவிடும். முதல் இரண்டு வாரம் பழைய இலைகள் கரைந்து கூழாகலாம். நான் முதல் தடவை செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிட்டேன், இன்றும் வருத்தம்தான். நடுக்குருத்து உறுதியாக இருந்தால் காத்திருங்கள், புது இலை வரும். பாசியைக் கொல்ல விற்கும் திரவ கார்பனை மட்டும் இதன் தொட்டியில் ஊற்ற வேண்டாம், இலைகள் கரையும்.

இதன் பூவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெண் பூ நீளக் காம்பில் நீர்மட்டத்துக்கு வரும். ஆண் பூக்கள் அடியிலேயே கழன்று மிதந்து வந்து அதைத் தொடும். பிறகு காம்பு சுருள் சுருளாகச் சுருண்டு காயை நீருக்குள் இழுத்துக்கொள்ளும். வாலிஸ்னேரியா ஸ்பைராலிஸ் என்ற இதன் அறிவியல் பெயருக்கு அந்தச் சுருள்தான் காரணம். ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடி. ஒரே தாய்ச்செடியின் கன்றுகள் மட்டும் உள்ள தொட்டியில் காய் பிடிக்காது.

குறை உயரம்தான். இரண்டடி வரை வளர்ந்து மேற்பரப்பில் படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். ஓரடித் தொட்டி என்றால் குட்டை சஜிட்டேரியா பாருங்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடி, கடின நீரைத் தாங்கும், நல்ல வெளிச்சத்தில் குட்டையாகவே நிற்கும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். இலை நுனி ஓரத்தை விரலால் தடவுங்கள்: நுண்ணிய பற்கள் தட்டுப்பட்டால் வாலிஸ்னேரியா, வழவழப்பாக இருந்தால் சஜிட்டேரியா.

ஹேர்கிராஸ் அழகில் முதலிடம். உண்மையில் அது புல் இல்லை, நம் கோரையின் குடும்பம். கம்பளம்போல் அடர வேண்டுமென்றால் கார்பன் டை ஆக்சைடு, நல்ல விளக்கு, சூடு குறைந்த தண்ணீர் எல்லாம் வேண்டும். எங்கள் வெயிலில் அது வளர்வதற்குள் நூல்பாசி பின்னிக்கொண்டது.

இப்போது பின்வரிசையில் வாலிஸ்னேரியா, முன்னால் சஜிட்டேரியா. பின்னாலிருந்து முன்னே ஓடிவரும் ரன்னரை, அதாவது படர்ந்து கன்று விடும் தண்டை, மாதம் ஒருமுறை வெட்டிக் கன்றுகளைப் பக்கத்து வீட்டுத் தொட்டிக்குக் கொடுத்துவிடுகிறேன்.