மணிச் சூளை: ஒன்பது மாத அனுபவம்

செட்டியார் தெரு நகைக்கடையில், முதலாளியின் உள்ளங்கையிலேயே நான் செய்த நீலக் கண்ணாடி மணி ‘டிக்’கென்று இரண்டாகப் பிளந்தது. “பிள்ளை, இது நகைக்கு ஆகாது” என்றார். அதுவரை சுடச்சுட மணிகளை வெர்மிகுலைட் என்னும் சூடு தாங்கும் கனிமத் துகளில் புதைத்து ஆறவிட்டுக்கொண்டிருந்தேன். அது ஆறுவதைத் தாமதப்படுத்துமே தவிர, உள்ளே இறுகியிருக்கும் இழுவிசையைப் போக்காது.

அதைப் போக்கத்தான் வெள்ளவத்தை வீட்டுப் பின்விறாந்தைக்கு இந்த மின்சூளை வந்தது. அமெரிக்காவுக்கான 120 வோல்ட் சூளை மலிவுதான்; நம் 230 வோல்ட்டுக்கு மின்மாற்றியும் வாங்கினால் அந்த மலிவு போய்விடும். என் சூளைக்கு மின்மாற்றி தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்தது முன்புறச் சிறுகதவு. கம்பியில் கோத்த மணியை நுழைத்துவிட்டு, கைப்பிடிப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க மூடலாம். மென்கண்ணாடிக்கு (குறைந்த சூட்டிலேயே இளகும் கண்ணாடி) 510 பாகை செல்சியஸில் ஒரு மணிநேரம், பிறகு மெல்ல இறக்கம். எல்லாவற்றையும் கட்டுப்பாட்டுக் கருவியே பார்த்துக்கொள்கிறது. நான் தூங்கப் போய்விடுவேன்.

குறை இல்லாமல் இல்லை. கதவோரம் உள்ளறையைவிடக் குளிர்ச்சி. பெரிய மணிகளை உள்ளே தள்ளித்தான் வைக்கிறேன். விற்றவர் தந்த கையேடு முழுவதும் மட்பாண்டத்துக்கானது, மணியைப் பற்றி ஒரு வரியில்லை. நடுவில் மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் விட்டுவிடுகிறேன். மறுநாள் அதே மணிகளுக்கு மறுபடியும் முதலிலிருந்து சூடு.