முதியோர் மறுவாழ்வுப் பதிவேடு: வடசென்னைக்கு எது ஒத்துவரும்?

பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பெரியவர், வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் பாதி சிகிச்சை நடக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருகிறார். அவர் கையில் எந்த மாதிரிப் பதிவு கிடைக்க வேண்டும்?

முதல் வழி, டாக்டர் தன் போக்கில் எழுதுவது. சீக்கிரம் முடியும். ஆனால் 'துணையுடன் நடக்கிறார்' என்றால் கைத்தடியா, வாக்கரா, மகள் தோளா? அடுத்தவருக்குப் புரியாது. மூன்று மாதம் கழித்து முன்னேற்றம் உண்டா என்று ஒப்பிடவும் முடியாது.

இரண்டாவது, ஃபிம் (FIM) அளவுகோல். நோயாளி அன்றாட வேலைகளை எவ்வளவு தூரம் பிறர் உதவியின்றிச் செய்கிறார் என்று மதிப்பெண் போடும் முறை. 18 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். நினைவாற்றல், பேச்சைப் புரிந்துகொள்வது போன்றவற்றையும் அளக்கும். பக்கவாத நோயாளிக்கு இது பெரிய பலம். சிக்கல் என்னவென்றால், உரிமம் வேண்டும், மதிப்பெண் போடுபவருக்குத் தனிப் பயிற்சியும் வேண்டும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி போலக் கூட்டம் அலைமோதும் இடத்தில் இதைத் தினசரி வேலையாக்குவது கஷ்டம்.

மூன்றாவது, 1965இல் வெளியான பார்தெல் அளவுகோல். சாப்பிடுவது, உடுத்துவது, சிறுநீர் அடக்குவது, படியேறுவது என்று பத்தே அம்சங்கள், மொத்தம் 100. சில நிமிடத்தில் முடிந்துவிடும். மனநிலை, நினைவாற்றல் பற்றி ஒன்றும் சொல்லாது என்பது நிஜமான குறை. இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரு நிபந்தனை: மொத்த மதிப்பெண்ணை மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. ஒருவர் தானாக நடப்பார், படியும் ஏறுவார். சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லை. இன்னொருவர் சக்கர நாற்காலியில். அந்தக் கட்டுப்பாடு முழுசாக இருக்கிறது. இருவருக்கும் 60 வரலாம்! பராமரிப்போ முற்றிலும் வேறு. பத்து வரிகளும் தனித்தனியாக வேண்டும். கூடவே வீடு எத்தனையாவது மாடி, கழிப்பறை உள்ளேயா பொதுவா என்று இரண்டு வரி. லிஃப்ட் இல்லாத வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடிக்காரருக்குப் படியேறும் மதிப்பெண் பூஜ்யம் என்றால், அவர் வீட்டிலேயே அடைந்து கிடப்பார். ஓ.பி.க்கு வரச் சொல்வதில் அர்த்தமில்லை.

காகிதமா கணினியா என்பது அப்புறம் வரும் கேள்வி. மத்திய அரசு தரும் 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண்ணான ஆபா (ABHA) எண்ணில் இணைத்தால் ஆஸ்பத்திரி மாறினாலும், நோயாளி சம்மதித்தால் பதிவைப் பார்க்கலாம். ஆனால் கிறுக்கிய சீட்டையே படமெடுத்து ஏற்றினால் என்ன மாறும்? ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்கு அச்சிட்ட ஒரு தாளும் கையில் இருக்கட்டும். சேரும் அன்று, வீட்டுக்கு அனுப்பும் அன்று, மூன்று மாதம் கழித்து: மூன்று முறையும் அதே தாளில் மதிப்பெண் போட்டால் போதும்.