தேடலில் முதலில் வந்தது வங்கி அல்ல: ஒரு எச்சரிக்கை

தெரியாத எண்ணிலிருந்து வரும் இணைப்பைத் தொடாதே, பரிசு விழுந்தது என்றால் நம்பாதே, ஓடிபியை யாரிடமும் சொல்லாதே. இந்த மூன்றையும் ஊருக்கே சொல்லிக் கொடுப்பவர் என் மாமனார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மின்வாரியத்தின் பெயரைச் சொல்லி ‘இன்றிரவு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று வந்த குறுஞ்செய்தியைத் தெருவில் நாலு பேருக்குக் காட்டிவிட்டு அழித்தவர். அவருக்கு யாரும் இணைப்பு அனுப்பவில்லை, யாரும் போன் செய்து மிரட்டவும் இல்லை. அவராகத் தேடிப் போனார். அங்கே காத்திருந்து பிடித்தார்கள்.

மதுரையிலிருந்து திரும்பும்போது ஒரு சுங்கச்சாவடியில் அவருடைய பாஸ்டேகிலிருந்து இரண்டு முறை கட்டணம் பிடித்துவிட்டார்கள். நூறு ரூபாய்க்கு உட்பட்ட தொகைதான். ஆனால் அவர் கணக்கு என்றால் கணக்கு என்று இருப்பவர். மறுநாள் கைபேசியை எடுத்து, பாஸ்டேக் கொடுத்த வங்கியின் பெயரோடு ‘பணம் திரும்பப் பெறுவது எப்படி’ என்று தேடினார். முதலில் வந்தது வங்கியின் பெயர், சின்னம், ‘24 மணி நேர உதவி’ என்ற வரியோடு ஒரு பக்கம். அது காசு கொடுத்து வாங்கிய விளம்பர இடம். ‘ஸ்பான்சர்டு’ என்று அதன் தலைக்கு மேல் பொடி எழுத்தில் எழுதியிருந்தது. வங்கியின் உண்மையான தளம் அதற்கு இரண்டு இடம் கீழே இருந்தது.

அன்று பிற்பகல் அவருடைய கைபேசியில் பார்வை வரலாற்றைத் திறந்து அந்தப் பக்கத்துக்கு நானும் போய்ப் பார்த்தேன். குறை சொல்ல முடியாத வேலை. மேலே வங்கியின் நிறத்திலேயே ஒரு பட்டை, மொழி மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான், பிழையில்லாத தமிழ். (மோசடிக்காரர்களின் தமிழ் கொச்சையாக இருக்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.) முதலில் வாகன எண், கைபேசி எண். பிறகு மின்னஞ்சலும் அதன் கடவுச்சொல்லும், ‘ரசீது அனுப்புவதற்காக’. அடுத்த பக்கத்தில் ‘பணம் வரவு வைக்க வேண்டிய கணக்கு’ என்று சொல்லி நெட்பேங்கிங் பயனர் பெயர், நுழைவுக் கடவுச்சொல், பரிவர்த்தனைக் கடவுச்சொல். கடைசியாக ‘சரிபார்ப்பு எண்’ என்று ஒரு கட்டம். பக்கத்தில் 120 நொடியிலிருந்து இறங்கிக்கொண்டே வரும் ஒரு கடிகாரம்.

அந்தக் கட்டத்தில் ஓடிபி என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘யாரிடமும் சொல்லாதே’ என்ற பாடத்தை அவர் மீறவில்லை. யாரிடமும் எதையும் சொல்லவில்லை, வங்கியின் பக்கம் என்று நினைத்ததில் நிரப்பினார். அதோடு, இப்போதைய கைபேசிகள் ஓடிபி வந்ததும் அந்த ஆறு இலக்கத்தை விசைப்பலகைக்கு மேலேயே எடுத்து நீட்டுகின்றன. ஒரு தொடுதல், கட்டம் நிரம்பிவிடும். ‘புதிய பயனாளியைச் சேர்ப்பதற்கான ஓடிபி’, அதாவது பணம் போய்ச் சேர ஒரு புதிய கணக்கைச் சேர்ப்பதற்கானது, என்று வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியிலேயே எழுதியிருந்தது. அதைத் திறந்து படிக்க வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. முதல் எண்ணைப் போட்டதும் ‘எண் தவறானது, மீண்டும் உள்ளிடவும்’ என்றது பக்கம். எண் தவறே இல்லை. அந்த முனையில் ஒருவன் அதை வாங்கி உண்மையான வங்கித் தளத்தில் போட்டு உள்ளே நுழைந்துவிட்டான். அடுத்த எண் பயனாளியைச் சேர்க்க, அதற்கடுத்தது அவருடைய வைப்புநிதியை முதிர்வுக்கு முன்பே முறிக்க. ஒவ்வொரு முறையும் ‘தவறு’ என்று சொல்லியே வாங்கியிருக்கிறார்கள்.

12.22க்கு 90,000 ரூபாய் போன குறுஞ்செய்தி வந்தது. பதறினாலும், டெபிட் அட்டையின் பின்னால் அச்சிட்டிருந்த எண்ணுக்கு உடனே அழைத்தார். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, எங்கள் புதிய வீட்டுக்கடன் திட்டத்தைப் பற்றி அறிய நான்கை அழுத்து என்று அந்த இயந்திரக் குரல் அவரை அலைக்கழித்ததை அவர் இன்னும் சொல்லிச் சொல்லிப் பொருமுகிறார். ஒருவழியாக ஆள் கிடைத்து, கணக்கை முடக்கச் சொல்லி, புகார் எண் குறுஞ்செய்தியாக வந்தபோது மணி 12.41. இன்னொரு 70,000 ரூபாய் போன நேரம் 12.49. இந்த எட்டு நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகுதான் என்னை அழைத்தார். “மாப்பிள்ளை, கொஞ்சம் வீட்டுக்கு வாருங்கள்” என்றார், அவ்வளவுதான். போனதும் 1930க்கு அழைத்தோம். இணையவழிப் பண மோசடிக்கென்றே நாடு முழுவதற்குமான உதவி எண் இது. கணக்கு எண், தொகை, பரிவர்த்தனை எண், நேரம் ஆகியவற்றைக் கேட்டுப் பதிவு செய்துகொண்டார்கள். அந்தப் பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்கு அவர்கள் உடனே தகவல் அனுப்பி, மிச்சமிருப்பதை நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு மிஞ்சும். எங்களுக்கு 38,000 நின்றது, மற்றது அதற்குள் வேறு கணக்குகளுக்குத் தாவிவிட்டது. நின்ற பணமும் உடனே கைக்கு வந்துவிடாது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் முழு விவரத்தோடு பதிவு செய்தோம்.

இதற்கு நடுவே யாருக்கும் தோன்றாத ஒரு வேலையை மோசடிக்காரர்கள் செய்திருந்தார்கள். வங்கியிலிருந்து மின்னஞ்சல் ஒன்றுகூட வரவில்லையே என்று மாமா கேட்டபோது எனக்குப் பொறி தட்டியது. அஞ்சல்பெட்டியின் அமைப்புகளுக்குள் போனால், புதிதாக ஒரு வடிகட்டி: வங்கியின் பெயர் இருக்கும் எந்த அஞ்சலும் படித்ததாகக் குறிக்கப்பட்டு நேராகக் குப்பைக்குப் போக வேண்டும். குப்பைக்குள் பார்த்தால் வைப்புநிதி முறிக்கப்பட்டது, பயனாளி சேர்க்கப்பட்டது என்று வங்கி ஒழுங்காக அனுப்பிய எச்சரிக்கைகள் வரிசையாகக் கிடந்தன. பலர் வங்கிக் கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். மின்னஞ்சல் அவன் கையில் இருக்கும்வரை மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லையும் அவன் ‘மறந்துவிட்டேன்’ என்று சொல்லி மாற்றிக்கொண்டே இருக்கலாம். முதலில் மின்னஞ்சலைப் பிடியுங்கள்: கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, வடிகட்டிகளையும் முன்னனுப்பல் முகவரியையும் மீட்புக் கைபேசி எண்ணையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இனி வங்கிக் கிளையின் கதை. கடிதத்தோடு போனோம். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த அதிகாரி கடிதத்தைப் படிக்கவே இல்லை. “ஓடிபி நீங்கள்தானே சார் போட்டீர்கள்? அப்புறம் வங்கி என்ன செய்யும்?” என்றார். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைத்துத் தரச் சொன்னோம். மேலிடத்துக்கு அனுப்புகிறோம், முத்திரையெல்லாம் வழக்கமில்லை என்றார். அறுபது பேருக்கு முன்னால் ஒரு முதியவரைக் குற்றவாளிபோல் நிற்க வைத்துக் கேட்ட அந்தக் கேள்விக்கு அவரிடமே பதில் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது அவர் படித்திருக்க வேண்டிய சுற்றறிக்கையில் இருக்கிறது.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட அந்தச் சுற்றறிக்கை சொல்வது இது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. பொறுப்பு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். புகாரை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். 12.41க்குப் புகார் எண் கொடுத்துவிட்டு 12.49க்குப் பணத்தை வெளியே விட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு குறுஞ்செய்திகளின் படத்தையும் சேர்த்து, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பினோம். முதலில் ‘வாடிக்கையாளரின் கவனக்குறைவு’ என்று ஒரு அச்சடித்த பதில் வந்தது. சுற்றறிக்கையின் பகுதியை மேற்கோள் காட்டி மறுபடி எழுதி, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகிறோம் என்றதும் 70,000 ரூபாய் கணக்குக்குத் திரும்பிவிட்டது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. வங்கி 30 நாளுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது.

இடையில் இன்னொரு கூத்து. ‘சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் முழுவதும் கிடைத்துவிட்டது, விடுவிக்க 4,500 ரூபாய் கட்டணம்’ என்று ஒருவன் அழைத்தான். ஒருமுறை ஏமாந்தவரின் எண் அவர்களுக்குள் கைமாறுகிறது போலும். மாமா அவனுக்குக் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

முகவரியைப் படிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தின் முகவரி வங்கியின் பெயரில்தான் தொடங்கியது. பிறகு ஒரு சிறுகோடு, பாஸ்டேக், இன்னொரு கோடு, ரீஃபண்ட், புள்ளி, ஆன்லைன். தபால் முகவரியில் ஊர் கடைசியில் வருவதுபோல இணைய முகவரியிலும், தொடக்கத்தில் வரும் ‘https://’ஐ விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருப்பதுதான் இடத்தைச் சொல்லும். முன்னால் யார் பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். இந்திய வங்கிகள் தங்கள் தளங்களை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற்ற ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு வைத்திருந்தது. அப்படி முடியும் முகவரியை வங்கிகளுக்கு மட்டுமே தருகிறார்கள், கண்டவர்கள் வாங்க முடியாது. அது இல்லாத இடத்தில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கு: அந்தப் படத்தை வரவைக்கும் சான்றிதழை இலவசமாகவே வாங்கலாம், போலித் தளங்களும் வாங்கி வைத்திருக்கின்றன. அதை நம்பி மக்கள் ஏமாறுகிறார்கள் என்பதால்தான் கூகுள் குரோம் 2023இல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

மாமாவின் கைபேசியில் இப்போது வங்கிக்குப் போக ஒரே வழி, வங்கியின் செயலி. கடவுச்சொற்களை ஒரு கடவுச்சொல் மேலாளரில் வைத்திருக்கிறோம். அது முகவரியைப் பார்த்துத்தான் நிரப்பும், போலித் தளத்தில் வாய் திறக்காது. தானாக நிரம்பவில்லை என்றால் கையால் தட்டாமல் நிறுத்திவிடுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். மின்னஞ்சலுக்குக் கடவுச்சாவி (பாஸ்கீ: கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைபேசியின் பூட்டைத் திறப்பதுபோலவே உள்ளே நுழையும் முறை) வைத்தாயிற்று. நெட்பேங்கிங்கின் ஒருநாள் வரம்பைப் பத்தாயிரமாகக் குறைத்துவிட்டோம். பாஸ்டேக் தொடர்பான குறைகளுக்கு நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 இருக்கிறது, தேடுபொறி வேண்டியதில்லை.

அந்த விளம்பரத்தைப் பற்றித் தேடுபொறி நிறுவனத்துக்குப் புகார் செய்தோம். எடுத்துவிட்டார்கள். போன வாரம் வேறொரு வங்கியின் பெயரில் அதே பட்டை, அதே 120 நொடிக் கடிகாரம், அதே முதலிடம். மறுபடி புகார் செய்திருக்கிறேன். நீங்கள் பார்த்தாலும் விளம்பரத்தின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டுப் புகார் செய்யுங்கள். வங்கிக்கு நாங்கள் எழுதிய இரண்டாவது கடிதம் யாருக்காவது தேவைப்பட்டால் கேளுங்கள், எங்கள் விவரங்களை நீக்கிவிட்டு அனுப்பித் தருகிறேன்.