டெங்குவுக்கு எதிராக இரண்டு வகைக் கொசுக்கள்

பாலாறு வறண்டு கிடக்க, வேலூர் வீடுகளில் தண்ணீர் வரும் நாளன்று டிரம், குடம், தொட்டி எல்லாவற்றையும் நிரப்பி வைக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்புவதும் அந்த நீரில்தான்.

சிங்கப்பூரும் ஜாவா தீவின் யோக்யகர்த்தாவும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை இரு விதமாகப் பயன்படுத்துகின்றன. சிங்கப்பூரில் அதை ஏந்திய ஆண் கொசுக்களை மட்டும் விடுகிறார்கள். அவை கடிப்பதில்லை, அவற்றோடு இணையும், பாக்டீரியா இல்லாத சாதாரணப் பெண் கொசுவின் முட்டை பொரிப்பதில்லை. விடுவதை நிறுத்தினால் கொசு மீண்டும் பெருகிவிடும்.

யோக்யகர்த்தாவில் பெண் கொசுக்களும் உண்டு. தாயிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் பாக்டீரியா தானாகவே பரவுகிறது. கொசு குறையாது, கடிக்கவும் செய்யும். ஆனால் அதன் உடலில் டெங்கு வைரஸ் எளிதில் பெருகாது. 2021இல் வெளியான ஆய்வின்படி அங்கே டெங்கு 77 சதவீதமும், அதற்காக மருத்துவமனையில் சேர்வது 86 சதவீதமும் குறைந்தன. ஒரு காய்ச்சல் வார்டில் இரவு முழுக்க உட்கார்ந்தவர்களுக்கு இந்த எண்களின் அருமை புரியும்.

வாராவாரம் கொசுவை வளர்த்து விட நம் நகராட்சிகளுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே என் தேர்வு யோக்யகர்த்தா வழிதான். ஒரே கவலை, நம் கோடை. அங்கே பயன்பட்ட டபிள்யூமெல் என்ற வோல்பாக்கியா வகை கடும் வெப்பத்தில் பலமிழக்கும்; மலேசியாவில் விடப்பட்ட டபிள்யூஆல்ப்பி வகை கூடுதல் வெப்பம் தாங்கும். இரண்டையும் தனித்தனியே ஏந்திய ஏடிஸ் கொசுக்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) புதுச்சேரி மையம் 2022இலேயே உருவாக்கிவிட்டது. நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூருக்கு இரண்டாவதைத்தான் கேட்பேன்.